மொத்தத் தூரம் பூஜ்ஜியம்

நாரஞ்சேட்டுப் பலா மரத்தடிக்கு ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை பத்தேகாலுக்கு டாக்டர் வண்டி வந்துவிடும். வந்தால் நிற்கும் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏற்காட்டில் கிளம்பி, கொட்டச்சேடு தாண்டி, பலா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றி, அப்படியே மேலே போய்விடும்.

மரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் பொன்னுவேல் படுத்திருப்பார். பக்கத்தில் அவர் மனைவி மாதம்மாள் கையை ஆட்டிக்கொண்டு நிற்பாள். டிரைவர் வேலுசாமியும் பதிலுக்குக் கையை ஆட்டுவார். பின்னால் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் டாக்டர் ரூபி தலையைக் குனிந்துகொள்வார். மூன்று வாரமாக இதே கூத்து.

பொன்னுவேல் மாசி மாதத்தில் சில்வர் ஓக் மரத்தில் ஏணி சாத்தி மிளகு பறிக்கும்போது விழுந்தவர். சேலத்தில் கணுக்காலுக்குத் தகடு வைத்து அனுப்பினார்கள். எலும்பு கூடிவிட்டது, புண் கூடவில்லை. சர்க்கரை உடம்பு. "வாரா வாரம் சுத்தம் பண்ணிக் கட்டினா கால் தங்கும். விட்டுட்டீங்கன்னா பாதத்தை எடுக்க வேண்டி வரும்" என்று சேலத்து டாக்டர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து மாதம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை. வாரா வாரம் ஜீப் பிடித்து ஏற்காட்டுக்குக் கொண்டுபோக அவளிடம் வசதி இல்லை. வீட்டு வாசலில் போகிற டாக்டர் வண்டியை விட்டால் வேறு வழியும் இல்லை.

முன்பெல்லாம் எங்கே நாலு பேர் கையை நீட்டினாலும் அந்த வண்டி நிற்கும். அது தப்பாம். விஞ்ஞானத்துக்கு விரோதமாம். அதற்காகவே ஏற்காட்டில் ஒண்டிக்கடைப் பக்கம் 'மலைப்பகுதி உகந்த இட நிர்ணய ஆணையம்' என்று ஓர் ஆபீஸ் திறந்தார்கள். வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று இனிமேல் ஆணையம் கணக்குப் போட்டுச் சொல்லும். சொல்லும்வரை எங்கேயும் நிற்கக் கூடாது.

நாலாவது வாரம் மாதம்மாள் கையாட்டுவதை விட்டுவிட்டு பஸ் ஏறி ஆணையத்துக்கே போனாள்.

அங்கே நான்கு ஜன்னல்கள் இருந்தன. பொதுமக்கள் உட்காரும் பெஞ்சு கூடத்தின் நட்டநடுவில், நான்கு ஜன்னலுக்கும் அணுவளவும் வித்தியாசமில்லாத சம தூரத்தில் போடப்பட்டிருந்தது. அதனால் எந்த ஜன்னலில் பேர் கூப்பிட்டாலும் பெஞ்சில் இருப்பவர் காதில் விழாது. குடிதண்ணீர்க் கேன் மாடிப்படியின் ஏழாவது படியில் இருந்தது. அதுவும் கணக்குப் போட்டு வைத்ததுதான். சுவரில் ஒரு பலகை: 'ஆணையத்தின் இன்றைய வெப்பநிலை: 1000'. வெளியே பனி மூட்டம் கண்ணை மறைத்தது. பலகைக்குக் கீழே ஊழியர்கள் எல்லாரும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மதியம் மூன்று மணிக்கு, யாரும் கூப்பிடாமலே அவளாக எழுந்து உகந்த இடம் தேடுகிறவர்களுக்கெல்லாம் தலைவரான 'தலைமை உகப்பாளர்' அறைக்குள் போய்விட்டாள். ஜெயபிரகாஷ் என்று மேஜைமேல் பேர் பலகை. வெளுத்த முகம், மடிப்புக் கலையாத சட்டை.

"ஏனுங்க சார், எங்க ஊர்ப் பலா மரத்தடியில வண்டிய ஒரு கால் மணி நேரம் நிறுத்தச் சொல்லுங்க. என்ற ஊட்டுக்காரருக்குக் காலு அழுகிட்டே போவுதுங்க."

ஜெயபிரகாஷுக்குக் கோபமே வரவில்லை. பாவம், தெரியாமல் பேசுகிறாள் என்கிற மாதிரி சிரித்தார்.

"அம்மா, பலா மரம்னு நீங்க எப்படி முடிவு பண்ணினீங்க?"

"அதுக்கென்னங்க முடிவு. அங்கதானுங்க ரோடு இருக்குது, ஊடும் இருக்குது."

"அதுதான் லோக்கல் ஆப்டிமம். இந்த மலையில குட்டிப் பள்ளம் எத்தனை இருக்கு? ஒரு மாடு முதல் பள்ளத்துல இறங்கின உடனே இதான் அடிவாரம்னு நினைச்சு நின்னுடும். மனுஷங்களும் அப்படித்தான், கண்ணு முன்னாடி இருக்கிற நல்ல இடத்துல திருப்தி ஆயிடறாங்க. நாங்க நிக்க மாட்டோம். நிஜமான அடிவாரம் வரைக்கும் போவோம். எல்லா வீட்டுக்கும் போற தூரத்தைக் கூட்டினா எந்தப் புள்ளியில மொத்தம் ரொம்பக் குறைச்சலா வருதோ, அந்த ஒரே புள்ளி. அதுக்குப் பேர்தான் குளோபல் ஆப்டிமம்."

"எங்களுக்கு அடிவாரத்துல சோலியே இல்லீங்களே சார். பலா மரத்தடியே போதுமுங்க."

"போதும்ங்கற மனசுதான் இந்த நாட்டைக் கெடுத்தது" என்றார் அவர். பிறகு கதவு வழியே கூடத்துச் சுவரிலிருந்த வெப்பநிலைப் பலகையைக் காட்டினார். "இரும்பைக் காய்ச்சி மெதுவா ஆறவிடற மாதிரி இது ஒரு முறை. ஆரம்பத்துல சூடு அதிகமா இருக்கும். அப்ப மோசமான இடம் வந்தாலும் துணிஞ்சு ஏத்துக்கணும். போகப் போக ஆறும், சரியான இடத்துல போய் உக்காரும். பொறுமை வேணும்."

புண்ணுக்கு அந்தப் பொறுமை உண்டா என்று கேட்க அவள் வாயெடுத்தாள். அதற்குள் அடுத்த வாரம் ஊருக்கு ஆள் அனுப்புவதாகச் சொல்லி எழுந்துவிட்டார்.

சொன்னபடி ஆள் வந்தது. ஹேமலதா என்று ஒரு சின்னப் பெண், கள அலுவலர். கையில் செல்போன், அதில் ஆணையத்தின் செயலி. வீட்டுக்கு ஒரு தடவை பொத்தானை அழுத்த வேண்டும். வீட்டுக்காரர் செல்போனுக்கு ஓடிபி வரும். அதை இரண்டு நிமிடத்துக்குள் போட்டால், போட்ட இடத்தை ஜிபிஎஸ் பிடித்துக்கொண்டு அதுதான் வீடு என்று பூட்டிவிடும்.

நாரஞ்சேட்டில் இதற்கு ஒரே ஒரு தடங்கல். ஊருக்குள் சிக்னல் கிடையாது. ஊருக்கு மேலே ஒன்றரைக் கிலோமீட்டர் செங்குத்தாக ஏறினால் கூப்பாட்டுப் பாறை. எதிர்மலைக்காரர்களை அந்தக் காலத்தில் அங்கே நின்றுதான் கூவி அழைப்பார்கள். இன்றைக்கு சிக்னல் அடிப்பதும் அங்கே மட்டும்தான். அதற்காக அறுபத்து நான்கு வீட்டுக்காரர்களும் தினம் மலை ஏற முடியுமா? ஊரில் ஓர் ஏற்பாடு உண்டு. காலையில் எல்லாருடைய செல்போனையும் ஒரு காப்பிக் கூடையில் போட்டுப் பாறைக்குக் கொண்டுபோவார்கள். ஒரு மணி நேரம் அங்கே வைத்திருந்தால் வரவேண்டிய மெசேஜ் எல்லாம் வந்து விழும். பிறகு கீழே கொண்டுவந்து வீடு வீடாகக் கொடுப்பார்கள். கூடை தூக்குவது பொன்னுவேலின் தம்பி சித்தன்.

"இதுக்கு ஏன் கண்ணு ஊடு ஊடா அலையற? கூடையோட வா, ஒரே எடத்துல முடிச்சுப்போடலாம்" என்றான் சித்தன்.

ஹேமலதாவுக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. பாறைமேல் உட்கார்ந்து கூடையிலிருந்து ஒவ்வொரு போனாக எடுத்து, அறுபத்து நான்கு ஓடிபியையும் போட்டு, பதினோரு மணிக்கெல்லாம் வேலையை முடித்துவிட்டாள். கீழே இறங்கி வந்தவளுக்கு மாதம்மாள் மோர் கொடுத்தாள்.

"ஏங் கண்ணு, என்ற ஊட்டையே நீ பாக்கல. ஊடு எங்க இருக்குதுன்னு எப்படி எழுதுன?"

"நாங்க எழுத மாட்டோம்மா. சாட்டிலைட் பாத்துக்கும்."

சாட்டிலைட் பார்த்துக்கொண்டது. ஒரே நாளில் அறுபத்து நான்கு வீடு என்பது ஆணையத்தின் வரலாற்றில் இல்லாத வேகம் என்று ஹேமலதாவுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது.

அடுத்து சோதனைகள் ஆரம்பித்தன. ஏரி முதல் அடிவாரம் வரை மலை முழுவதும் எங்கே வேண்டுமானாலும் கம்ப்யூட்டர் ஒரு புள்ளி வைக்கும். அந்தப் புள்ளியில் டாக்டரும் நோயாளியும் நேரில் கூடிப் பார்க்க வேண்டும். சும்மா இருந்துவிடலாம் என்றால் சுற்றறிக்கையில் ஒரு வரி இருந்தது: 'சோதனைப் புள்ளிக்கு வராத நோயாளி குணமடைந்தவராகக் கருதப்பட்டு, பட்டியலிலிருந்து நீக்கப்படுவார்.' அதனால் சித்தனும் மூன்று பங்காளிகளும் பொன்னுவேலைக் கட்டிலோடு தூக்கி, காப்பி மூட்டை ஏற்றும் பிக்கப்பில் வைத்து, புள்ளி விழுந்த இடத்துக்கெல்லாம் கொண்டுபோனார்கள்.

முதல் புள்ளி ஏற்காடு ஏரியின் நடுவில் விழுந்தது.

டாக்டர் ரூபி ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டுக்கொண்டு, மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பெடல் படகில் காத்திருந்தார். பொன்னுவேலின் கட்டில் பெடல் படகில் கொள்ளாது. துடுப்புப் படகின் குறுக்கே வைத்துக் கட்டினார்கள். டாக்டர் கட்டைப் பாதி சுற்றும்போது காற்று அடித்தது. ஒரு படகு கிழக்கே போனது, ஒன்று மேற்கே போனது. நடுவில் பதினைந்து அடி நீளத்துக்கு பேண்டேஜ் துணி ஏரிமேல் கொடி மாதிரி தொங்கியது. சுற்றுலா வந்தவர்கள் கை தட்டினார்கள். கரையில் நின்ற ஜெயபிரகாஷ் ஒலிபெருக்கியில், "மோசம்தான், ஆனா ஏத்துக்கறோம்! சூடு இன்னும் ஆறல!" என்று கத்தினார்.

இரண்டாவது புள்ளி மலைப்பாதையின் பதினேழாவது கொண்டை ஊசி வளைவில், தடுப்புச் சுவரின்மேல். ஒவ்வொரு பஸ்ஸும் ஹாரன் அடிக்கும்போது டாக்டரின் கத்தரிக்கோல் துள்ளியது. மூன்றாவது புள்ளி ஓர் எஸ்டேட் பங்களாவின் குளியலறைக்குள். "தொரை குளிச்சிட்டிருக்காருங்க" என்று எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "பரவாயில்ல, அவரை ஒரு ஓரமா நிக்கச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷந்தான்" என்றாள் ஹேமலதா. அந்த வாரம் கட்டுப் போடவில்லை.

நாலாவது புள்ளியின் தாள் வந்தபோது மாதம்மாளால் நம்ப முடியவில்லை. பலா மரத்திலிருந்து பன்னிரண்டு அடி! வண்டி வந்தது, நின்றது. வேலுசாமி இறங்கி டீ குடித்தார். டாக்டர் ரூபி நிதானமாகப் புண்ணைக் கழுவி மருந்து வைத்துக் கட்டினார். ஊரே வந்து கால், கை, காது எல்லாவற்றையும் காட்டிக்கொண்டது. மாதம்மாள் ஹேமலதாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையே வெச்சுக்கலாம் கண்ணு. நீ நல்லா இருப்ப."

ஹேமலதா செல்போனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "முடியாதும்மா. இந்தப் புள்ளிக்கு மொத்தத் தூரம் தொண்ணூத்தாறு கிலோமீட்டர் காட்டுது."

"தொண்ணூத்தாறா! அந்தா பாரு என்ற ஊடு. அங்க சட்டி கழுவுனா இங்க சத்தம் கேக்கும்."

"வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர் வீதம் அறுபத்து நாலு வீடும்மா. சிஸ்டம் அப்படித்தான் சொல்லுது."

"உன்ற கண்ணு என்ன சொல்லுது?"

அந்தப் பெண் வீட்டைப் பார்த்தாள், செல்போனைப் பார்த்தாள், மறுபடி வீட்டைப் பார்த்தாள். செல்போனுக்குத்தான் சம்பளம் வாங்குகிறோம் என்கிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேலிடத்திலிருந்தும் பதில் வந்துவிட்டது: சூடாக இருக்கும்போது அகப்பட்ட நல்ல இடத்தை நம்பக் கூடாது.

ஆவணி கடைசியில் ஆணையம் முழுவதுமாக ஆறியது. பலகையில் வெப்பநிலை பூஜ்ஜியம் என்று எழுதி, ஆபீஸ் வாசலில் பந்தல் போட்டு, நாரஞ்சேட்டு ஜனங்களையும் அழைத்திருந்தார்கள். ஜெயபிரகாஷ் மைக்கைப் பிடித்தார்.

"நண்பர்களே, நாங்க கம்ப்யூட்டர்ல நாப்பதாயிரம் புள்ளிகளை ஆராய்ஞ்சோம். கடைசியில கிடைச்ச புள்ளிக்கு மொத்தத் தூரம் எவ்வளவு தெரியுமா? பூஜ்ஜியம்! எந்த வீட்லேர்ந்தும் ஒரு அடிகூட நடக்க வேண்டாம். உலகத்துல எந்த ஆணையமும் இதைச் சாதிச்சதில்ல. பூஜ்ஜியத்துக்குக் கீழ தூரம் கிடையாது. அதனால இதைவிட நல்ல இடம் இருக்கவே முடியாது. நிரூபணமே தேவையில்ல. அந்த உகந்த புள்ளி, கூப்பாட்டுப் பாறை!"

கை தட்டல் அடங்குவதற்குள் மாதம்மாள் எழுந்துவிட்டாள்.

"ஏனுங்க சார், பாறை மேல ஆரும் குடியில்லீங்க. கொரங்குதானுங்க இருக்குது."

"குரங்கை நாங்க கணக்குல எடுக்கல."

"மனுசனையும் எடுக்கலீங்களே! செல்போன் கூடைய அங்க வெச்சு ஓடிபி போட்டாங்க. உங்க மிசினு கூடைய ஊருன்னு நெனச்சுருச்சுங்க. எங்க ஊடெல்லாம் நொம்பக் கீழ இருக்குதுங்க."

ஹேமலதா குனிந்து செருப்பைப் பார்த்தாள். ஜெயபிரகாஷ் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, அறுபத்து நாலு பேரும் ஓடிபி போட்டு ஒத்துக்கிட்ட இடம் அது. இப்ப நீங்க வேற இடத்துல இருக்கீங்கன்னா, அது உங்க தனிப்பட்ட விலகல்."

"சரிங்க, வண்டி எப்படிங்க பாறை ஏறும்?"

"வண்டி ஏறறது போக்குவரத்துப் பிரிவு. நாங்க இடம் மட்டும்தான்."

தப்பு என்று நினைத்தால் திருத்த மனுக் கொடுக்கலாம் என்றார்கள். கொடுத்தாள். அவள் மட்டுமல்ல, அறுபத்து நான்கு வீடும் கொடுத்தது. மனு ஏற்கப்பட்டதா என்று பார்க்க ஓடிபி வரும் என்று பதில் வந்தது. ஓடிபி வரவேண்டுமென்றால் சிக்னல் வேண்டும். சித்தன் கூடையைத் தூக்கிக்கொண்டு பாறைக்குப் போனான். அறுபத்து நான்கையும் சரியாகப் போட்டுவிட்டுத்தான் திரும்பினான். மறுநாள் ஆணையம் பத்திரிகைச் செய்தி கொடுத்தது: 'நாரஞ்சேடு மக்கள் தாங்களாகவே முன்வந்து தங்கள் இருப்பிடத்தை இரண்டாம் முறையாக, நூற்றுக்கு நூறு, பாறையிலேயே உறுதி செய்துள்ளனர்.'

"அட மூதேவி, ஏண்டா போட்ட?" என்று சித்தன்மேல் பாய்ந்தாள் மாதம்மாள்.

"போடலீன்னா மனு தள்ளுபடின்னு போட்டிருந்துச்சு அண்ணி. போட்டா பாறையின்னு போடுது. நான் என்ன பண்ணட்டும்?"

அவன்மேல் என்ன குற்றம்? அவள் அடுப்படியில் போய் உட்கார்ந்து ஆத்திரம் தீர அழுதாள். ஐந்து வாரமாக வண்டி நிற்கவில்லை. அவளே வெந்நீர் வைத்துக் கழுவிக் கட்டிக்கொண்டிருந்தாள். அன்று காலை கட்டைப் பிரித்தபோது நாற்றம் அடித்தது, சுண்டுவிரல் கறுத்திருந்தது. "வலிக்குதுங்களா?" என்று கேட்டாள். "இல்ல" என்றார் பொன்னுவேல். வலி இல்லாமல் போனதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை இன்னொரு சுற்றறிக்கை வந்தது. பூஜ்ஜியத் தூரச் சாதனைக்கு டெல்லியில் விருது தரப்போகிறார்கள். அதற்கு முன்னால் இரண்டு நிபுணர்கள் நேரில் ஆய்வு செய்வார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு எல்லாக் குடும்பங்களும் அவரவர் வீட்டில், அதாவது பாறைமேல், இருக்க வேண்டும். டாக்டர் வண்டி ஆயத்தமாகக் கொட்டச்சேட்டில் நிற்கும். படுக்கையில் இருக்கும் நோயாளியையும் அவசியம் 'வீட்டில்' வைத்திருக்க வேண்டும்.

மழை பெய்து பாறை வழுவழுவென்றிருந்தது. ஹேமலதா விடியற்காலையிலேயே போய் சுண்ணாம்பில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக் கதவு எண் எழுதியிருந்தாள். கட்டம் ஒவ்வொன்றும் ஒரு பாய் அகலம். ஜனங்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு அவரவர் கட்டத்துக்குள் உட்கார்ந்தார்கள். கட்டிலோடு சுமந்து வந்த பொன்னுவேலை இருபத்து மூன்றாம் எண்ணில் வைத்தார்கள். கட்டிலின் கால் இருபத்து நான்கில் நீட்டிக்கொண்டிருந்தது. அது ஆக்கிரமிப்பு என்று சொல்லி ஹேமலதா கட்டிலைக் கோணலாகத் திருப்பி வைத்தாள்.

நிபுணர்கள் வந்தார்கள், எண்களைச் சரிபார்த்தார்கள், வியந்தார்கள். இருபத்து மூன்றாம் எண்ணின் ஓரத்தில் சிவப்புக் கொடி நட்டிருந்த உகந்த புள்ளியில் ஜெயபிரகாஷை நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்கள். "இன்னும் கொஞ்சம் பின்னால" என்றார் போட்டோ எடுத்தவர். ஜெயபிரகாஷ் பின்னால் ஓர் அடி வைத்தார். பாசியில் கால் வழுக்கியது. கணுக்கால் ஒடிந்த சத்தம் ஏழாம் எண் வீடு வரைக்கும் கேட்டது.

"டாக்டர்! வண்டி! வண்டிக்குப் போன் போடு!" என்று அலறினார்.

சிக்னல் அங்கே பிரமாதமாக இருந்தது. ஹேமலதா போட்டாள். எதிர்முனையில் வேலுசாமி கேட்டதை அவள் அப்படியே திருப்பிச் சொன்னாள்.

"சார், வண்டிய எங்க நிறுத்தறதுன்னு கேக்கறாரு. அங்கீகரிச்ச நிறுத்தம் பாறைதானாம். பாறைக்கு ரோடு இல்லையாம்."

"பலா மரத்துக்கு வரச் சொல்லு!"

"அது லோக்கல் ஆப்டிமம் ஆச்சுங்களே சார்."

"பலா மரம்! பலா மரம்! பலா மரம்!" என்று எதிர்மலை வரைக்கும் கேட்கக் கத்தினார் தலைமை உகப்பாளர். அந்தப் பாறையில் அத்தனை பெரிய கூப்பாடு கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

அடுத்த சிக்கல், கீழே எப்படிக் கொண்டுபோவது. பாறையில் இருந்தது ஒரே கட்டில். தூக்கத் தெரிந்தவர்கள் நான்கே பேர். போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம். நிபுணர்களில் ஒருவர் பொன்னுவேலைக் காட்டி, "இவரை இறக்கிக் கீழே படுக்க வைங்க" என்றார். சித்தன் கட்டில்மேல் கை வைத்தான்.

"கையை எடுடா சித்தா" என்றாள் மாதம்மாள்.

ஜெயபிரகாஷ் பக்கத்தில் போய்க் குந்தி உட்கார்ந்தாள். அவர் முகம் வியர்த்திருந்தது. தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"சார், இவருக்கு எட்டு மாசமாப் புண்ணு. உங்களுக்கு எட்டு நிமிசந்தான் ஆச்சு. முதல்ல இவரு போவட்டும். உங்களுக்கு என்னங்க குறை, இதைவிட நல்ல எடம் ஒலகத்துலயே கெடையாதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. ஆரம்பத்துல கொஞ்சம் மோசமாத்தான் இருக்குமுங்க சார். ஏத்துக்கணுமுங்க. போகப் போக ஆறும்."

கட்டில் கிளம்பியது. மாதம்மாள் தலைமாட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே இறங்கினாள். மழைத் தூறலில், இருபத்து மூன்றாம் எண் கட்டத்துக்குள், தலைமை உகப்பாளர் கொடிக்கம்பைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். அவருக்கு ஒரு குரங்கு துணை இருந்தது.

பலா மரத்தடியில் டாக்டர் ரூபி கட்டைப் பிரித்ததும் மூச்சை இழுத்துக்கொண்டார். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தீங்கன்னா பாதத்துக்கு நான் பொறுப்பில்ல" என்றார். ஒரு மணி நேரம் கழுவினார், கறுத்ததை வெட்டினார், ஊசி போட்டார். "வாரா வாரம் நான் பாத்தாகணும். ஒரு வாரம்கூட விடக்கூடாது." அவர் முடித்துக் கை கழுவியபோதுதான் ஜெயபிரகாஷ் வந்து சேர்ந்தார். அதே கட்டிலில்.

ஒரு மாதத்தில் கடிதம் வந்தது. கையெழுத்து ஜெயபிரகாஷ், காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்து போட்ட கையெழுத்து. 'ஆய்வு நாளன்று டாக்டர் வண்டி பலா மரத்தடியில் நின்றது விதிவிலக்கான ஒற்றை நிகழ்வு. புள்ளியியல் விதிப்படி அது விலகல் புள்ளியாகக் கருதப்பட்டு, பதிவிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது. உகந்த நிறுத்தம் கூப்பாட்டுப் பாறையே.' கூடவே விருது வாங்கும் போட்டோவின் நகல். ஊன்றுகோல் மட்டும் வெட்டப்பட்டிருந்தது.

ஆனால் அந்தக் கடிதத்துக்காக மாதம்மாள் காத்திருக்கவில்லை. ஆய்வுக்கு அடுத்த வியாழனே பத்து மணிக்கு, பொன்னுவேலைக் கட்டிலோடு கொண்டுவந்து ரோட்டுக்குக் குறுக்கே போட்டுவிட்டு, தானும் அதன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். வேலுசாமி பிரேக் அடித்தார்.

"அக்கா, இங்க நிறுத்தக் கூடாதுன்னு உத்தரவு இருக்குதுங்க."

"நீ எங்க சாமி நிறுத்துன? வண்டி தானா நின்னுபோச்சு. பொறவு, நீ எறங்கி டீ குடி."

டாக்டர் ரூபி ஏற்கெனவே பெட்டியோடு இறங்கியிருந்தார். வேலுசாமி பயணக் குறிப்பேட்டை எடுத்து எழுதினார்: 'இடம்: பலா மரம். காரணம்: சாலையில் தடை. தாமதம்: இருபது நிமிடம்.' அடுத்த வாரமும் அதையே எழுதினார். பத்து வாரம் எழுதினார். புண்ணின் ஓரம் சிவந்து, சுருங்கி, ஒரு ரூபாய் நாணய அளவுக்கு வந்தது. பொன்னுவேல் கோலை ஊன்றி வாசல்வரை நடந்தார்.

பதினோராவது வியாழன் காலையில் ஹேமலதா ஒரு தாளைக் கொண்டுவந்தாள். முகத்தை நேரே பார்க்காமல் நீட்டினாள். சித்தன் வாங்கி உரக்கப் படித்தான். பலா மரத்தடியில் வாரந்தோறும் ஒரே நேரத்தில் ஒரு தடை ஏற்படுவது ஆணையத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. அத்தடை அந்த இடத்தில்தான் இருக்க வேண்டுமா என்பது விஞ்ஞான முறையில் ஆராயப்படவில்லை. ஆகவே தடைக்கு உகந்த இடத்தை ஆணையம் கண்டுபிடிக்கும். அதுவரை தடை எங்கேயும் இருக்கக் கூடாது. இதற்கான ஓடிபி எல்லாக் குடும்பங்களுக்கும் இன்று அனுப்பப்படும்.

சித்தன் பழக்கதோஷத்தில் கூடையைத் தூக்கிவிட்டான். மாதம்மாள் கூடைக்குள் கையை விட்டுத் தன் செல்போனை மட்டும் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"கூடையக் கீழ வெய்யி சாமி" என்று சொல்லிவிட்டுக் கட்டிலின் தலைமாட்டைப் பிடித்தாள். "அந்தப் பக்கம் புடி. மணி பத்தாச்சு."